அளந்து போட்டு என்ன செய்வியள்?

புத்தாண்டு மலருக்கு, "லூயிஷாமைப் பற்றி ஏதாவது சரித்திரம் எழுதித் தாங்கோ அண்ணை" என்று சங்கத் தம்பிமார் கேட்டபோது, நான் எழுத நினைத்தது வேறு விடயம். டெப்ற்போட்டில் 1513ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி மன்னன் கட்டுவித்த கப்பல் துறையைப் பற்றி எழுதுவோம் என்று குறிப்புகளும் எடுத்து வைத்திருந்தேன். அதற்கிடையில் மகளின் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. கப்பல் துறை அப்படியே கிடக்க, கட்டுரை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

கடிதம் பேத்தியின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. பேத்தி ரிசெப்ஷன் வகுப்பு. வகுப்பில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் உயரமும் நிறையும் அளக்கப்படும், விருப்பமில்லாத பெற்றோர் முன்கூட்டியே அறிவிக்கலாம் என்று எழுதியிருந்தது. மகள் அதை வாசித்துவிட்டு மேசையில் போட்டாள்.

"நான் இதுக்கு விடப் போறேல்லை அப்பா."

"ஏன் பிள்ளை, உயரந்தானே அளக்கினம்?"

"ஏனெண்டு உங்களுக்குத் தெரியாதே?"

எனக்குத் தெரியும். தெரிந்ததால் வாய் மூடிக்கொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அன்று இரவு எனக்கு ஒரு கேள்வி வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையை நிறுத்தி வைத்து அளக்க வேண்டும், ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று முதலில் நினைத்தது யார்? ஏன் நினைத்தார்கள்? தேடிப் போன இடத்தில், அந்தக் கதையின் முக்கியமான அத்தியாயம் எங்கள் டெப்ற்போட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று கண்டபோது வியப்பாக இருந்தது. வாசகர்களே, நாங்கள் 36ஆம் இலக்க பஸ்ஸும் 53ஆம் இலக்க பஸ்ஸும் பிடித்துத் திரிகிற அதே தெருக்களில்தான்.

போருக்கு ஆள் தேடிய கதை

இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் ஏழைப் பிள்ளைகள் பெருந்தொகையாகப் பள்ளிக்கூடம் வந்தார்கள். வந்த பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி என்று முதலில் கொடுக்கப்பட்டது பட்டாளத்து ட்ரில். வரிசையில் நில், திரும்பு, கால் தூக்கு. இதற்கு மாற்றாக, 1881இல் லண்டன் பள்ளிக்கூடச் சபை மார்ற்றினா பேர்க்மன் என்ற சுவீடன் பெண்மணியை வேலைக்கு எடுத்தது. உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒழுங்காகப் பயிற்சி கொடுக்கும் சுவீடன் முறையை அவர் லண்டன் ஆசிரியைகளுக்குப் பழக்கினார்.

ஆனால் அரசாங்கத்துக்குப் பிள்ளைகளின் உடம்பில் உண்மையான அக்கறை வந்தது 1899இல், தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் தொடங்கிய பிறகு. பட்டாளத்தில் சேர வந்த இளைஞர்களை வைத்தியர்கள் அளந்து பார்த்தபோது, பலர் உயரம் போதாது, நெஞ்சளவு போதாது, பல் சொத்தை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். மன்செஸ்ரர் நகரில் சேர வந்த 11,000 பேரில் 8,000 பேர் உடனேயே நிராகரிக்கப்பட்டதாக அந்தக் காலத்தில் கணக்குச் சொல்லி ஆட்கள் திகைத்தார்கள். உலகத்தையே ஆண்ட நாட்டுக்கு, துவக்குத் தூக்க ஆள் இல்லை!

உடனே 1902இல் பள்ளிக்கூடங்களுக்கென்று ஒரு பயிற்சித் திட்டம் வந்தது. அது பட்டாளத்தாரின் கைநூலை வைத்தே எழுதப்பட்டிருந்தது. ஆசிரியர்கள் எதிர்த்தார்கள், இரண்டு வருடத்தில் அதை மாற்ற வேண்டி வந்தது. இன்னொரு பக்கம், நாட்டு மக்களின் உடல் நலிந்து போகிறதா என்று விசாரிக்க ஒரு குழு அமைக்கப்பட்டு, 1904இல் அறிக்கை கொடுத்தது. அந்தக் குழு சொன்னது இதுதான்: பரம்பரை கெட்டுப் போகவில்லை, பிள்ளைகள் இருக்கிற வீடும் சாப்பாடும்தான் கெட்டுப் போயிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சாப்பாடு கொடுங்கள், பிள்ளைகளை வைத்தியர் பார்க்கட்டும் என்று குழு பரிந்துரை செய்தது. 1906இல் சாப்பாட்டுச் சட்டம் வந்தது. 1907இல் வந்த சட்டத்தின்படி, 1908 தொடக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்தியர் பரிசோதிப்பது உள்ளூர்க் கல்விச் சபைகளின் கடமையாகியது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்னரும் இதே கதைதான். 1937இல், ஐரோப்பாவில் யுத்த மேகம் கூடிய நேரத்தில், பிரித்தானியா உடற்பயிற்சிக்கென்று தனிச் சட்டம் போட்டது. அமெரிக்காவில் 1950களில் கிறவுஸ், வெபர் என்ற இருவரின் பெயரால் ஆறு எளிய சோதனைகளைப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளில் நூற்றுக்கு 58 பேரளவில் ஏதாவது ஒன்றில் தவற, ஐரோப்பியப் பிள்ளைகளில் தவறியவர்கள் நூற்றுக்கு 9 பேரளவில்தான். ரஷ்யாவோடு பனிப்போர் நடந்த காலம். ஐசனோவர் பதறிப் போய் 1956இல் ஒரு சபையையே உருவாக்கினார். அதன் வழி வந்த ஜனாதிபதி உடற்தகுதிச் சோதனை 2012ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டு, 2025இல் மீண்டும் கொண்டுவர உத்தரவிடப்பட்டது.

அரசாங்கத்துக்கு ஆமி தேவைப்படுகிறபோதெல்லாம் பிள்ளையின் நெஞ்சளவு ஞாபகத்துக்கு வரும். எங்களுக்கு இது விளங்காத விடயம் இல்லை. எங்கட பிள்ளையளின்ர உயரத்தையும் உடம்பையும் யார் யாரோ கண்ணால் அளந்து கணக்குப் பார்த்த காலத்தில் இருந்து தப்பி வந்தவர்கள்தானே நாங்கள்.

இரண்டு சகோதரிகள்

நிற்க. டெப்ற்போட்டுக்கு வருவோம்.

றேச்சல் மக்மிலன், மார்கிறட் மக்மிலன் என்ற சகோதரிகள் அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தவர்கள். றேச்சல் 1859, மார்கிறட் 1860. பெற்றோர் ஸ்கொட்லாந்திலிருந்து குடிபெயர்ந்தவர்கள். 1865இல் தகப்பனும் கடைசித் தங்கையும் நோயில் இறந்து போக, தாய் மிச்சப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறி ஸ்கொட்லாந்துக்குத் திரும்பி வந்தார். அதே நோயில் மார்கிறட்டுக்குக் காது கேளாமற் போய், 14 வயதளவில்தான் திரும்பக் கேட்கத் தொடங்கியது. தகப்பனை இழந்து, பெட்டியோடு கடல் கடந்து, காது கேளாமல் வகுப்பில் இருந்த பிள்ளை. வகுப்பில் மொழி விளங்காமல் இருந்த எங்கட பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

மார்கிறட் 1894இல் பிராட்போட் நகரின் பள்ளிக்கூடச் சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். கம்பளி ஆலை நகரம் அது. அங்கே ஜேம்ஸ் கேர் என்ற பள்ளிக்கூட வைத்தியர் 300 பிள்ளைகளைப் பார்த்ததில், நூறு பேருக்கு மேல் ஆறு மாதமாக உடுப்பே கழற்றாதவர்கள் என்று கண்டார். குளிருக்காகப் பிள்ளையை உடுப்போடு சேர்த்துத் தைத்துவிடுகிற வழக்கம் இருந்த காலம். மார்கிறட் போராடி 1897இல் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் குளிக்கும் இடம் கட்டுவித்தார். அவரும் கேரும் சேர்ந்து நடத்திய பரிசோதனை, இந்த நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடந்த முதலாவது வைத்தியப் பரிசோதனைகளில் ஒன்று என்று சொல்லப்படுகிறது.

பிறகு சகோதரிகள் இருவரும் லண்டன் பக்கம் வந்தார்கள். 1907ஆம் ஆண்டுச் சட்டத்துக்காக ஓடியாடி வேலை செய்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். சட்டம் வந்தவுடன் அதிலிருந்த ஓட்டையையும் கண்டார்கள். பரிசோதிப்பது சபையின் கடமை. ஆனால் கண்டுபிடித்த வருத்தத்துக்கு மருந்து கொடுப்பது கடமை இல்லை! வைத்தியர் வந்து பல் சொத்தை, கண் பழுது, காதில் சீழ் என்று அட்டையில் எழுதிவிட்டுப் போவார். தாயிடம் அட்டை போகும். வைத்தியருக்குக் கொடுக்கக் காசில்லாத தாய் அந்த அட்டையை வைத்து என்ன செய்வாள்? அடுத்த வருடம் வைத்தியர் திரும்பி வந்து அதே பிள்ளைக்கு அதே வருத்தத்தைத் திரும்ப எழுதுவார்.

ஆகவே சகோதரிகள் தாங்களே ஒரு பள்ளிக்கூடக் கிளினிக் தொடங்கினார்கள். சவர்க்கார வியாபாரத்தில் பணம் சேர்த்த ஜோசப் பெல்ஸ் என்ற அமெரிக்கர் பண உதவி செய்தார். முதலில் 1908இல் போ என்ற இடத்தில். பிறகு 1910இல் டெப்ற்போட்டுக்கு மாறி, ஈவ்லின் வீதியில்.

அந்தக் காலத்து டெப்ற்போட் எப்படியிருந்தது? எட்டாம் ஹென்றியின் கப்பல் துறை 1869இல் மூடப்பட்டுவிட்டது. அந்த இடத்தில் 1871 தொடக்கம் வெளிநாட்டு மாடுகளை இறக்கி வெட்டும் சந்தை. வெட்டின மாட்டின் குடல் கழுவுவது இளம் பெண்களின் தொழில். ஒரு அறைக்குள் ஒரு குடும்பம். வெயில் படாத ஒடுங்கிய முடுக்குகள், ஆலைப் புகை. பிள்ளைகள் பலருக்குக் கால் வில்லுப்போல வளைந்திருந்தது. றிக்கெற்ஸ் என்ற எலும்பு நோய்.

ஸ்ரோவேஜ் குப்பைமேடு

கிளினிக்கில் மருந்து கட்டி, பல் பிடுங்கி, கண் கழுவி அனுப்பிய பிள்ளைகள் சில கிழமைகளில் அதே புண்ணோடு திரும்பி வந்தார்கள். நோய் வீட்டில் இருந்தது. மருந்து கிளினிக்கில் இருந்தது. இதைக் கண்ட சகோதரிகள் 1911இல் ஒரு புது வேலை செய்தார்கள். ஈவ்லின் வீதி வீட்டு வளவில், வெளியிலே கட்டில் போட்டு, பள்ளிக்கூடச் சிறுமிகளை இரவில் படுக்க வைத்தார்கள். பின்னேரம் வந்து குளித்து, திறந்த வெளியில் நித்திரை கொண்டு, காலையில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவார்கள். பிள்ளைகளின் முகம் மாறியது.

ஆனால் ஆறு வயதில் வருகிற பிள்ளைக்கு அதற்கு முதலே பழுது நடந்துவிட்டது, இன்னும் சின்னதிலேயே பிடிக்க வேண்டும் என்று றேச்சல் நினைத்தார். 1914இல் ஸ்ரோவேஜ் என்ற இடத்தில் குப்பைமேடாகக் கிடந்த ஒரு காணியை லண்டன் கவுன்சிலிடமிருந்து ஆண்டுக்கு ஒரு சிலிங் வாடகைக்குப் பெற்று, திறந்த வெளிப் பாலர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் திறந்த கொட்டில்கள், நடுவில் தோட்டம், குளிக்க வெந்நீர், சாப்பாடு, பகல் நித்திரை. அவ்வளவுதான் வைத்தியம்.

விளைவு என்ன? வந்தபோது கால் வளைந்திருந்த பிள்ளைகள் தேறினார்கள். ஏன் தேறினார்கள் என்று அப்போது ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. முதலாம் உலக யுத்தம் முடிந்த கையோடுதான் எட்வேட் மெலன்பி என்ற ஆங்கிலேயர் நாய்க்குட்டிகளை வைத்து ஆராய்ந்து, மீனெண்ணெய் றிக்கெற்ஸைத் தடுக்கும் என்று காட்டினார். 1919இல் பேர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற வைத்தியர் விளக்கின் புற ஊதாக் கதிர் பட்டாலே எலும்பு தேறுகிறது என்று காட்டினார். விற்றமின் டி என்ற பெயர் 1922இல்தான் வந்தது. சகோதரிகள் பெயர் தெரியாமலே அந்த மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, வெயில்!

றேச்சல் 1917 மார்ச் மாதத்தில் இறந்து போனார். தங்கை அந்தப் பாலர் பள்ளிக்குத் தமக்கையின் பெயரை வைத்தார். அடுத்த ஆண்டே, 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பள்ளிக்கூடங்களில் கண்டுபிடிக்கப்படும் நோய்களுக்கு வைத்தியம் செய்வதையும் கடமையாக்கியது. பத்து வருடம் கேட்ட கேள்விக்குச் சட்டம் பதில் சொன்னது. 1930இல் ஆசிரியைகளைப் பயிற்றும் கல்லூரி ஒன்று றேச்சலின் பெயரில் டெப்ற்போட்டில் எழும்பியது. மேரி மகாராணி வந்து திறந்து வைத்தார். மார்கிறட் 1931இல் காலமானார். அந்தப் பாலர் பள்ளி இன்றும் மக்மிலன் வீதியில் இருக்கிறது. எங்கள் கவுன்சிலின் எல்லையைச் சற்றுத் தாண்டிக் கிறினிச் பக்கம் விழுகிறது. ஆனால் நடந்து போய்ப் பார்க்கிற தூரம்தான்.

எங்கட ஊர் ஸ்ராண்டட்ஸ்

இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு என் சொந்தப் பள்ளிக்கூட மைதானம் ஞாபகம் வந்தது. 1960களின் யாழ்ப்பாணம். பி.ரி. மாஸ்டர் விசிலோடு நிற்பார். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல் சில கிழமைகள் "ஸ்ராண்டட்ஸ்" நடக்கும். வயதுக்கு ஏற்றபடி இவ்வளவு தூரம் பாய வேண்டும், இவ்வளவு நேரத்தில் ஓட வேண்டும், இவ்வளவு தூரம் குண்டு எறிய வேண்டும் என்று ஒரு அளவு வைத்திருப்பார்கள். முதலாவதாக வரத் தேவையில்லை. அந்த அளவைத் தொட்டால் போதும், உன் இல்லத்துக்கு ஒரு புள்ளி.

அதுவும் ஒரு உடற்தகுதிச் சோதனைதான். ஆனால் அதில் ஒரு நல்ல குணம் இருந்தது. நான் நோஞ்சான். நீளம் பாய்தலில் அளவுக்கு அரை அடி குறைவாகவே விழுவேன். அதற்காக ஒருவரும் சிரிக்கவில்லை. என்னுடைய ஒரு புள்ளி அவர்களுக்கும் தேவை என்பதால், இல்லத்துப் பெரிய பெடியள் பின்னேரம் பின்னேரம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஓடிவரப் பழக்கினார்கள். கடைசி நாளில் தொட்டுவிட்டேன். பாய்ந்து விழுந்த மண்ணிலிருந்து என்னைத் தூக்கினது இன்னும் ஞாபகம். மாஸ்டர் எங்களுக்குச் சொல்கிற கதை எதிர்வீரசிங்கத்தின் கதை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவனாக இருந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசியப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. "அவனும் இந்த வெயிலுக்கைதான்ரா நிண்டவன்" என்பார் மாஸ்டர்.

வெயில் எங்களுக்கு அப்போது ஒரு பொருட்டே இல்லை. "வெயிலுக்கை திரியாதை, கறுத்துப் போவாய்" என்று அம்மாமார் ஏசுவார்கள். அந்த ஏச்சையும் பெட்டியில் வைத்து லண்டனுக்குக் கொண்டு வந்தோம் என்பதுதான் விடயம்.

பீப் சத்தம்

இனி, பின்னால் சொல்கிறேன் என்று சொன்ன கதை.

நாங்கள் 1989இல் வந்தோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. மேல் மாடியில் ஒரு கவுன்சில் பிளாற். 1993 ஏப்ரல் 22ஆம் திகதி, எங்களுக்குப் பக்கத்தில் எல்தமில், பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஸ்ரீபன் லோறன்ஸ் என்ற 18 வயதுப் பெடியனைக் கறுப்பன் என்ற ஒரே காரணத்துக்காகக் குத்திக் கொன்றார்கள். அந்த நேரம் இங்கே இருந்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் அந்தப் பயத்தை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சட்டம் ஒன்றுதான்: பள்ளி விட்டால் நேரே வீடு, கதவைப் பூட்டு, திரையை இழு. சனி ஞாயிறில் தமிழ் வகுப்பு, கோயில். அதுவும் பஸ்ஸில். கோடையில் வெளியில் போனாலும் மனைவி நீட்டுக் கைச்சட்டை போட்டு விடுவாள். கறுத்துப் போகக் கூடாதே!

1996இல் மகளுக்கு 13 வயது. கால் நோகுது என்பாள். படியேற நேரமெடுப்பாள். கதிரையிலிருந்து எழும்பக் கையை ஊன்றுவாள். "பஞ்சி, வேறையொண்டுமில்லை" என்று நான் சொன்னேன். ஒரு தரம் அல்ல, பல தரம் சொன்னேன்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் "பிளீப் ரெஸ்ற்" வைத்தார்கள். கனடா மொன்றியலில் லூக் லெஜே என்பவர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய சோதனை இது. 1988இல் இங்கே கசற்றில் வெளியாகிப் பள்ளிக்கூடங்களுக்குள் பரவியது. 20 மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு. கசற்றில் "பீப்" கேட்பதற்குள் மற்றக் கோட்டுக்கு ஓடிப் போய்ச் சேர வேண்டும். தொடக்கத்தில் மணிக்கு எட்டரைக் கிலோமீற்றர் வேகம். ஒவ்வொரு நிமிடமும் அரைக் கிலோமீற்றர் கூடும். ஓட முடியாதவர் சுவரோரம் போய் நிற்க வேண்டும். எந்தப் படியில் நின்றாரோ அதுதான் அவர் இலக்கம். நல்ல சோதனைதான். ஒரு சதமும் செலவில்லாமல் ஒரு வகுப்பு முழுவதன் இதய வலுவையும் மதிப்பிடலாம்.

மகள் இரண்டாம் படியிலேயே நின்றுவிட்டாள். மற்றவர்கள் ஓடி முடியும் வரைக்கும் சுவரோரம் தனியாக நின்றிருக்கிறாள். பிறகு இலக்கங்களை எல்லாரும் கேட்க வாசித்து, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினார்கள். வீட்டுக்கு வந்த தாளில், முயற்சி போதாது என்று ஒரு வசனம். அதை வைத்துக்கொண்டு நானும் ஏசினேன். பள்ளிக்கூடமும் பஞ்சி என்றது, தகப்பனும் பஞ்சி என்றான். பிள்ளை யாரிடம் போவாள்?

இரண்டு மாதம் கழித்து வேறொரு அலுவலாக மனைவி ஜி.பி.யிடம் போனபோது, மொழிபெயர்க்க மகளைக் கூட்டிப் போனாள். மகள் கதிரையிலிருந்து எழும்பின விதத்தை அந்த வயது போன வைத்தியர் பார்த்திருக்கிறார். தாயின் அலுவலை விட்டுவிட்டு மகளைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்: "நீ ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெளியில் நிற்கிறாய்?" மகள் அந்தக் கேள்வியைத் தமிழில் தாய்க்குச் சொல்லியிருக்கிறாள். தாயிடம் பதிலில்லை.

இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். விற்றமின் டி மிகக் குறைவு. தசை சோர்ந்து, எலும்பு நொந்து, ஓட வேண்டும் என்று மனம் இருந்தாலும் உடம்பு ஓடாது. அவளுக்கிருந்தது பஞ்சி இல்லை. மருந்து கொடுத்துச் சில மாதத்தில் படியேறினாள், அடுத்த கோடையில் நடந்தே பள்ளிக்கூடம் போனாள். ஆனால் பாடசாலை முடியும் வரை ஒரு விளையாட்டிலும் சேரவில்லை. நோய் மாறிவிட்டது, அந்த இலக்கம் மாறவில்லை.

சோதனை பிழை சொல்லவில்லை, வாசகர்களே. இந்தப் பிள்ளையின் உடம்பில் ஏதோ குறை என்று அது சரியாகத்தான் சொன்னது. ஏன் என்று கேட்கத்தான் ஆளிருக்கவில்லை. 1908இல் டெப்ற்போட் தாய்மாரின் கையில் இருந்த அட்டையும், 1996இல் என் கையில் இருந்த தாளும் ஒன்றுதான்.

கறுத்த தோலும் மழைக்கால வெயிலும்

எங்கள் தோலில் உள்ள கறுப்பு நிறப்பொருள் வெயிலைத் தடுத்து நிறுத்தும் குடை. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் இங்கே ஒக்ரோபர் தொடக்கம் மார்ச் வரை அடிக்கிற வெயிலில் விற்றமின் டி உண்டாக்கும் கதிர் போதாது; வெள்ளைத் தோலுக்கே போதாது என்றால் எங்களுக்கு எப்படி? 1960களிலும் 70களிலும் கிளாஸ்கோ நகரில் ஆசியக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் றிக்கெற்ஸ் திரும்ப வந்ததைக் கண்டு வைத்தியர்கள் எச்சரித்தார்கள். எங்கள் லூயிஷாமிலேயே 2013இல் கர்ப்பிணித் தாய்மாருக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் விற்றமின் டி இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். மக்மிலன் சகோதரிகள் குப்பைமேட்டில் கட்டில் போட்டு ஏறக்குறைய நூறு வருடத்துக்குப் பிறகு, அதே ஊரில், அதே குறைக்கு!

2016 தொடக்கம் அரசாங்கத்தின் ஆலோசனை இதுதான்: இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் எல்லோரும் நாளுக்கு 10 மைக்கிறோகிராம் எடுப்பது நல்லது; கறுத்தத் தோல் உள்ளவர்களும் வெளியில் அதிகம் போகாதவர்களும் வருடம் முழுவதும் எடுப்பது பற்றி யோசிக்க வேண்டும்; ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வருடம் முழுவதும் கொடுக்க வேண்டும். பாமசியில் மலிவாகக் கிடைக்கிறது. அளவு தெரியாவிட்டால் பாமசிக்காரரைக் கேளுங்கள். கூட எடுப்பதும் கூடாது.

இன்றைய அளவுகோல்

பேத்திக்கு வந்த கடிதம் 2005ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய அளவீட்டுத் திட்டத்தின் கீழ் வந்தது. இங்கிலாந்தில் ரிசெப்ஷனிலும் ஆறாம் ஆண்டிலும் உயரமும் நிறையும் அளக்கிறார்கள். இந்த முறை பட்டாளத்துக்கு ஆள் தேடி அல்ல; பிள்ளைகள் உடல் பெருத்துப் போகிறார்கள் என்ற பயம். இதிலும் எங்கட ஆட்கள் கவனிக்க ஒன்று உண்டு. ஒரே உயரம், ஒரே நிறை உள்ள இரண்டு பிள்ளைகளில், தெற்காசியப் பிள்ளையின் உடம்பில் கொழுப்புச் சற்றுக் கூட இருக்கும் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். ஆகவே கடிதத்தில் "ஆரோக்கியமான நிறை" என்று வந்தால் அதோடு எல்லாம் சரி என்று இருந்துவிடக் கூடாது. "கூடிய நிறை" என்று வந்தால் அதற்காகப் பிள்ளையை ஏசவும் கூடாது. சலரோகம் எங்கள் குடும்பங்களில் இல்லாத வீடு உண்டோ? அதே போல, "பிள்ளை மெலிஞ்சு போச்சு" என்று கண்டவர் நிண்டவர் சொல்வதைக் கேட்டு இரண்டாம் கோப்பை சோறு திணிப்பதும் வேண்டாம்.

நான் இவ்வளவையும் மகளிடம் சொன்னேன். பஞ்சி என்று சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பிந்திப் போனதுதான். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் பள்ளிக்கூட நேர்ஸுக்குப் போன் எடுத்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். ஆங்கிலத்தில் அவள் கேட்டதைத் தமிழில் சொன்னால், "அளந்து போட்டு என்ன செய்வியள்?" என்பதுதான். மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியுமா? பிள்ளைக்கு இலக்கம் சொல்வீர்களா? குறை கண்டால் யார் உதவுவது? ஒவ்வொன்றாகக் கேட்டாள். பிள்ளைக்குச் சொல்ல மாட்டோம், பெற்றோருக்கு மட்டும் அறிவிப்போம், உதவி தேவையென்றால் எங்களைக் கேளுங்கள் என்று அந்த நேர்ஸ் பொறுமையாகப் பதில் சொன்னார். மகள் போனை வைத்துவிட்டு, "சரி, அளக்கட்டும்" என்றாள்.

மக்மிலன் சகோதரிகள் கேட்ட கேள்வியும் அதுதான். நாங்கள் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். பள்ளிக்கூடத்திலிருந்து தாள் வந்தால் ஒளிக்காதீர்கள், கிழிக்காதீர்கள், அதை வைத்துப் பிள்ளையை அடிக்காதீர்கள். ஏன் என்று கேளுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காமல் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சித்திரை பிறந்துவிட்டது, வெயிலும் வந்துவிட்டது. திரையைத் திறந்து பிள்ளைகளை வெளியில் விடுங்கள். கறுத்தால் கறுக்கட்டும்.

அளந்த அன்று பின்னேரம் பேத்தியைக் கூட்டிவரப் போனது நான்தான். ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"அம்மப்பா, இண்டைக்குச் சப்பாத்தைக் கழட்டச் சொன்னவை. நான் வளந்திட்டன்!"

எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. லேடிவெல் பூங்கா வழியாக, வெயிலுக்குள்ளாலேயே நடந்து வீட்டுக்கு வந்தோம்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு நல்வாழ்த்துகள்.